பின்சுவருக்கு ஒரு ஜன்னல்

என் தங்கச்சி வீட்டில் மெழுகுவர்த்தி நிற்பதில்லை. சாமிப் பலகையில் காலையில் நட்டு வைத்தால், பின்னேரம் பார்க்கும்போது நெருப்பே காணாமல் தலை குனிந்து கிடக்கும். பங்குனி, சித்திரையில் இது நடக்கும். ஆடியில் கச்சான் காத்து அடிக்கும்போது மறுபடியும் நடக்கும். பசறை ரோட்டை விட்டு இறங்கி, தேயிலை மலையில் அரை மணித்தியாலம் ஏறினால் வரும் ஒரு லயத்தின் தொங்கல் காம்பரா அது. நானும் அந்த லயத்தில்தான் பிறந்தேன். படித்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகி, பென்ஷன் எடுத்து, இப்போது பதுளை டவுன் ஓரத்தில் சின்ன வீடொன்றில் இருக்கிறேன். அவள் அங்கேயே இருக்கிறாள்.

டோஹாவில் வேலை செய்யும் என் மகன் போன மாதம் போனில் சொன்னான்: "அம்மா, சித்தி வீட்டுக்கு ஏசி ஒன்னு போட்டுக் குடுப்போமா? சல்லி நான் அனுப்புறேன்." நல்ல மனசு. ஆனால் கணக்கு டீச்சரிடம் கேட்டால் கணக்குத்தான் வரும். ஒரு டன் ஏசி மணித்தியாலத்துக்கு ஒரு யூனிட்டை ஒட்டி மின்சாரம் தின்னும். இரவு எட்டு மணித்தியாலம் என்றால் மாதம் 240 யூனிட். அதே நேரத்துக்கு ஒரு மேசை விசிறி தின்பது மாதம் 15 யூனிட். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறிய ஏற்றம் யாருக்கும் மறந்திருக்காது.

அதை விடுங்கள். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் எந்த மீன் என்று இங்கிருந்தே சொல்லலாம். ஏசி போட்டால் குளிர் முதலாம் காம்பராவிலிருந்து ஆறாம் காம்பரா வரை ஊர்வலம் போகும். பில் மட்டும் தங்கச்சி பேருக்கு வரும். வயரிங்கோ எந்தக் காலத்தில் இழுத்ததோ. ஒரு வீட்டில் பொறி விழுந்தால் வரிசையே எரிந்துபோகிற இடம் லயம்.

மலைநாடு என்றால் குளிர் என்று நினைத்து, ஒன்பது வளைவுப் பாலம் பார்க்கக் கொழும்பிலிருந்து சுவெட்டரோடு வருகிறவர்களை நான் ரயிலில் பார்த்திருக்கிறேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பதுளை நகரம் 700 மீட்டரைக்கூட எட்டாது. சுற்றிலும் மலை நிற்க நடுவில் சட்டி மாதிரிக் கிடக்கிற ஊர். வானிலை அவதான நிலையம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும்போது ஊவாவில் மொனராகலையின் பெயர் அடிக்கடி வரும். பதுளை அநேகமாக வராது. நியாயம்தான், வெல்லவாயில் நிற்கிறவனுக்கு எங்கள் வெயில் ஒரு பொருட்டில்லை. ஆனால் அந்தச் சுட்டெண் நிழலில் இருக்கும் சூட்டையும் ஈரப்பதத்தையும் வைத்துப் போடுகிற கணக்கு. தகரத்துக்கு அடியில் இருக்கிறவளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எங்களுக்கு வெயில் இரண்டு தவணையாக வரும். முதல் தவணை சித்திரை மழைக்கு முந்திய புழுக்கம். இரண்டாவது ஜூலை முதல் செப்டெம்பர் வரைக்குமான கச்சான். தென்மேல் பருவக்காற்று தன் மழையை எல்லாம் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் காய்ந்த காற்றாக எங்கள் பக்கம் இறங்குகிறது. பீலித்தண்ணி நூலாகும். இலை வாடும், கொழுந்து குறையும். ஆனால் அந்த வாட்டத்தில்தான் ஊவாத் தேயிலைக்கே உரிய அந்த மணம் ஏறுகிறது. உலகச் சந்தையில் 'ஊவா சீசன்' என்று பெயர் வாங்கிய மணம் அதுதான். செடிக்கு வருகிற வாட்டத்துக்கு ஏலத்தில் விலை உண்டு. அதைப் பறிக்கிறவளுக்கு வருகிற வாட்டத்தை எந்தத் தராசிலும் நிறுப்பதில்லை. நிறுப்பது கிலோவைத்தான், கொழுந்து குறைந்த நாளில் அதுவும் அவளுக்கே பாதகம்.

இனி லயத்துக்கு வருகிறேன். 10 அடிக்கு 12 அடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். முன்னுக்கு ஒரு கதவு. பின்சுவர் வெறும் சுவர். இரட்டை லயமாக இருந்தால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். காற்று ஒரு வழியால் வந்து மறு வழியால் போனால்தான் அதற்குக் காற்று என்று பேர். போக வழியில்லாத இடத்தில் அது வராது.

ஹாலிஎலப் பக்கம் பொகொடவில் பழைய மரப்பாலம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே சுற்றுலா கூட்டிப்போவோம். மழைக்கும் வெயிலுக்கும் நடந்து வருகிறவர்கள் ஒதுங்கி நிற்க, அந்தப் பாலத்துக்கு மேலே ஓட்டுக்கூரை போட்டிருக்கிறார்கள். ஒரு வருஷம் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், பாலத்துக்கே ஓடு போட்டுருக்காங்க, நம்ம லயத்துக்கு ஏன் போடல?" அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் சம்பளம் வாங்கும் டீச்சர் சொல்லக்கூடிய பதிலாக இருந்திருக்காது.

தகரத்தின் குணம் கெட்ட குணம். பகலில் சட்டி. சூரியன் விழுந்ததும் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டு நடுச்சாமத்தில் ஐஸாகிவிடும். மத்தியானம் வியர்த்த பிள்ளை விடியற்காலையில் இருமும். இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. எங்கள் இரவு குளிர்ந்த இரவு. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இரவிலும் புழுங்கும். அங்கே ஏசி கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இங்கே வெளியே குளிர் சும்மா கிடக்கிறது, அதை உள்ளே விட்டால் போதும். எங்கள் நிழல் வெயில் 30 பாகையை ஒட்டி நிற்கும். உடம்புச் சூடு 37. காற்று உடம்பை விடச் சூடு குறைவாக இருக்கும் வரைக்கும் விசிறிக் காற்றே வியர்வையை ஆற்றிவிடும். ஆக, ஊவா மலைக்குத் தேவை தகரத்துக்கு அடியில் ஒரு சிலிங், பின்சுவரில் ஒரு ஜன்னல், ஒரு விசிறி. சிலிங் பகல் சூட்டையும் மறிக்கும், இரவுக் குளிரையும் மறிக்கும்.

எங்கள் அம்மாவுக்கு இது தெரியும். படித்தவள் இல்லை. உரச்சாக்கைப் பிரித்துத் தைத்து, தகரத்துக்கு ஒரு முழம் கீழே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அடுப்பை இஸ்தோப்பு மூலைக்கு மாற்றினாள். வாசலில் பந்தல் போட்டுச் சுரைக்கொடியைக் கூரைக்கு ஏற்றினாள். காய் வந்தது லாபம், இலை போட்ட நிழல் அதைவிட லாபம். வெயில் கொளுத்தும் நாளில் சாக்கை நனைத்து இஸ்தோப்பில் தொங்கவிடுவாள். கச்சான் காத்து காய்ந்த காற்று என்பதால் ஈரச்சாக்கு வழியாக வரும்போது ஜில்லென்று இருக்கும். (சித்திரைப் புழுக்கத்தில் இந்த வித்தை அவ்வளவு எடுபடாது, முயற்சி செய்து ஏமாற வேண்டாம்.) மத்தியானத்துக்குப் பழைய சோத்துத் தண்ணி, வெங்காயம்.

அம்மா செய்யத் துணியாதது ஒன்றுதான். சுவரை உடைக்கவில்லை. எதிர் லயத்து அண்ணன் ஒருவர் துணிந்தார். பின்சுவரில் இரண்டு கல்லைப் பேர்த்து, பலகைச் சட்டம் வைத்து ஜன்னல் மாதிரி ஒன்று பண்ணினார். மூன்றாம் நாள் தோட்டத்து ஆள் வந்து, யாரைக் கேட்டு உடைத்தாய் என்று சத்தம் போட்டு, அவர் கையாலேயே அடைக்க வைத்தார். அண்ணன் சீமெந்து பூசும்போது அவர் பெண்டாட்டி இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம். அழவில்லை, பேசவுமில்லை.

அது பழைய கதை என்று நினைக்காதீர்கள், அதே கேள்வி அண்மையில் என்னிடமும் வந்தது. அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலில் நிறையப் பேர் செத்த பிறகு, அந்த மாநகரம் 2013இல் வெப்பத்துக்கென்றே ஒரு செயல்திட்டம் போட்டது. பிற்பாடு ஏழைகளின் தகரக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கிற வேலையும் அங்கே நடந்தது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், துருப்பிடித்த தகரம் குடித்துக்கொள்ளும். நானும் மகன் அனுப்பிய சல்லியில் கூரைக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட் வாங்கி, தங்கச்சி காம்பராவுக்கு மேலே மட்டும் இரண்டு பூச்சு அடிப்பித்தேன். (சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஐப்பசி மழைக்குக் கழுவப்பட்டுப் போகும், ஒவ்வொரு தையிலும் திரும்ப அடிக்க வேண்டும். அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் பிரஷ் போட்டுத் தேய்க்கவே வேண்டாம், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கேடு.) சொத்தைப் பல்வரிசையில் ஒரு வெள்ளைப் பல் மாதிரி அது மலையெல்லாம் தெரிந்தது. அடுத்த கிழமையே கேள்வி வந்தது: "யாரைக் கேட்டு அடிச்சீங்க?" கேட்ட தம்பி என்னிடம் படித்தவன். தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான். மெழுகுவர்த்தி இந்த முறை வளையவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். வளைந்தது. ஆனால் மத்தியானம் வளைவது பின்னேரம் நாலு மணிக்கு வளைந்தது.

வீட்டுக்குள்ளே இப்படி. மலையில்? வெயில் காலம் வந்தால் பத்திரிகைகளில் ஆலோசனை வரும்: நிறையத் தண்ணீர் குடியுங்கள், உச்சி வெயிலில் வெளியே போகாதீர்கள், செவ்விளநீர் நல்லது. இந்தப் பத்திரிகையும் போடும். யாருக்குச் சொல்கிறோம் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். இடுப்பில் படங்கு கட்டி, முதுகில் கூடையோடு நிற்கும் பெண் தண்ணீரை வேண்டுமென்றே குறைத்துக் குடிக்கிறாள். மலையில் மலசலகூடம் இல்லை. குடித்தால் போக வேண்டும், போக மறைவில்லை. வெயிலோடு சேர்ந்து நீர்க்கடுப்பு அங்கேதான் பிடிக்கிறது. ஒரு போத்தல் சாயத்தண்ணியோடு நாளை ஓட்டுகிறவளிடம் இளநீர் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது.

என் மகன் இருக்கும் கத்தாரில் 2021இலிருந்து ஒரு சட்டம்: ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை பத்து மணி தொடக்கம் பின்னேரம் மூன்றரை வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது. வெளிநாட்டுத் தொழிலாளியை நடத்தும் விதத்துக்காக உலகமே திட்டிய நாடு அது. திட்டு வாங்கியாவது எழுதினார்கள். எங்கள் மலையில் பெரட்டு நேரம் வெயிலைப் பார்த்து மாறுவதில்லை. தமிழ்நாட்டில் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் சாகிறவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றார்கள். எங்களுக்குப் பேரிடர் என்றால் மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர் புதைந்ததைப் பார்த்த மாவட்டம் இது; அந்தப் பயம் வீண்பயம் இல்லை. மழை பெய்தால் எச்சரிக்கை வரும், கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போ என்பார்கள். வெயிலுக்கு எங்கே போவது?

வீடு கட்டித் தருகிறோம் என்கிறார்கள். தருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. தனிக் காணியில் 550 சதுர அடி, நாலு பக்கமும் ஜன்னல். இந்திய வீட்டுத் திட்டத்தில் 4,000 வீடு. அதற்கு மேல் இன்னும் 10,000 என்று இந்தியப் பிரதமர் 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்தார். அந்த வீடுகளுக்குக் குடிபோனவர்களைக் கேளுங்கள், முதலில் காற்றைப் பற்றித்தான் சொல்வார்கள். ஆனால் எல்லாருக்கும் எப்போது? தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992இல் கம்பெனிகளுக்குக் குத்தகைக்குப் போனது, 53 வருஷக் குத்தகை. 2045 வரைக்கும் என்று கணக்கு வருகிறது. தங்கச்சிக்கு அப்போது எண்பதைத் தாண்டும்.

ஆகவே பெரிய கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் கேட்கட்டும். நான் கேட்பது சின்னது, கம்பெனிகளுக்குச் செலவே இல்லாதது: ஒரு கடிதம். 'லயத்தில் குடியிருப்பவர் தன் காம்பராவின் பின்சுவரில் ஜன்னல் வைக்கலாம், சிலிங் போடலாம், கூரைக்கு வெள்ளை அடிக்கலாம், வாசலில் மரம் நடலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை' என்று ஒரே ஒரு கடிதம். அதைத் தோட்ட ஆபீசிலும் கொழுந்து மடுவத்திலும் ஒட்டுங்கள். இரட்டை லயத்துக்கு ஜன்னல் வழி இல்லை; அந்தக் குடும்பங்களைப் புது வீட்டு வரிசையில் முதலில் நிறுத்துங்கள். மண்சரிவு அபாய இடத்தவர்களுக்கு அடுத்தபடியாகவாவது நிறுத்துங்கள்.

தங்கச்சி அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்து நான்கு மாதமாகிறது. எழுதியது நான், கையெழுத்து அவளுடையது. ஜன்னல் சட்டம் வாங்கியாயிற்று. பக்கத்து வீட்டிலிருந்து அலவாங்கும் இரவல் வாங்கி இஸ்தோப்பில் சாத்தி வைத்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.