பொருந்தாத பெயரும் பறிபோன குடும்ப அட்டையும்

தெலங்கானாவில் நீக்கப்பட்ட சுமார் 19 லட்சம் குடும்ப அட்டைகளைக் கள ஆய்வின் மூலம் மறுபரிசீலனை செய்யுமாறு 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அம்மாநில அரசுக்கு உத்தரவிட்டது. முன்னறிவிப்பின்றி, கணினி வகுத்த அளவுகோல்களின்படி அட்டைகள் நீக்கப்பட்டன என்பதே மனுவின் சாரம். அம்மாநிலம் பயன்படுத்திய ‘சமக்ர வேதிகா’ என்னும் அமைப்பு, பல துறைகளின் தரவுத்தளங்களைப் பெயர், முகவரி ஆகியவற்றின் ஒற்றுமையைக் கொண்டு இணைப்பதாகும்.

இரண்டு அட்டவணைகளை இணைக்க இரண்டிலும் ஒரே அடையாள எண் இருக்க வேண்டும். உணவு வழங்கல் துறையின் எண் வேறு. வாகனப் பதிவு எண் வேறு. பொது எண் இல்லாதபோது பெயரே திறவுகோலாகிறது. எல்லையா என்னும் பெயரை ஆங்கிலத்தில் ஓர் அலுவலகம் ‘ஒய்’ எழுத்தில் தொடங்கும். மற்றொன்று ‘ஈ’ எழுத்தில் தொடங்கும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஒரே மனிதர் இருவராகிறார். தோராயமாக ஒப்பிட்டாலோ இருவர் ஒருவராகின்றனர். யாரோ ஒருவரின் கார், கூலித் தொழிலாளியின் கணக்கில் ஏறுகிறது. அந்தக் காரைக் காட்டி அவருடைய அரிசி நிறுத்தப்படுகிறது.

எஸ்க்யூஎல் மொழியில் ‘இன்னர் ஜாயின்’ பொருந்தாத வரிசைகளை ஓசையின்றி விட்டுவிடும். ‘லெஃப்ட் ஜாயின்’ முதல் அட்டவணையின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொண்டு, இணை கிடைக்காத இடத்தை வெற்றாகக் காட்டும். அந்த வெற்றிடம் ‘விசாரிக்க வேண்டியவர்’ என்று மட்டுமே சொல்கிறது. அதைத் ‘தகுதியற்றவர்’ என்று படிப்பது நிர்வாகத்தின் முடிவு, கணினியின் முடிவன்று.

இப்பிழையின் சுமை எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. தம் பெயரைத் தாமே எழுதித் தரும் வாய்ப்பு தலைமுறைகளாக மறுக்கப்பட்டவர்களின் பெயர், அலுவலர் கேட்டபடி எழுதப்பட்ட பெயர். கதவு எண் இல்லாத சேரியில் ஊர்ப் பெயரே முகவரி. நிலமும் சேமிப்பும் அற்ற குடும்பத்துக்கு ஒரு மாத அரிசி நின்றால் அது கடனாகிறது; அலுவலகத்துக்கு அலையும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பாகிறது.

ஆகவே, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நாம் எழுப்ப வேண்டிய கேள்விகள் தெளிவானவை. எந்தப் புலங்களைக் கொண்டு அட்டவணைகள் இணைக்கப்பட்டன? எத்தனை வரிசைகள் பொருந்தவில்லை? நீக்கும் முன் எத்தனை வீடுகளுக்கு அலுவலர் நேரில் சென்றார்? உணவு 2013ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த உரிமை. பதிவேட்டின் பிழையைத் திருத்தும் கடமை பதிவேட்டை வைத்திருப்பவருக்கே உரியது.