குழந்தைக்கு ஐந்தே வருஷம்!

பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து குடித்தனம் நடத்துகிறார்களா? அடுத்த தடவை டெலிபோனில், "சாப்பிட்டாயா?" என்று கேட்ட கையோடு, "பாஸ்போர்ட் எதுவரைக்கும் இருக்கிறது?" என்றும் கேட்டு வையுங்கள்.

பெரியவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் 10 வருஷம் செல்லும். ஆனால் கடைசி நாள்தான் கெடு என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே வருகிறவரின் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் 6 மாதமாவது ஆயுள் இருக்கவேண்டும் என்பது பல தேசங்களில் சட்டம். ஆகவே கெடு ஒன்பதரை வருஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அவர்களுக்கு 5 வருஷம்தான்! 'எங்களுக்குத்தான் இருக்கிறதே' என்ற தைரியத்தில் அப்பாவும் அம்மாவும் டிக்கெட் வாங்கிவிட்டு, விமான நிலையத்தில் குழந்தையைத் தடுத்து நிறுத்தினால், இங்கே வழி பார்த்து நிற்கும் பாட்டியின் கதி?

புதுப்பிக்க ஊருக்கு வரவேண்டியதில்லை. அந்தத் தேசத்து இந்தியத் தூதராலயத்துக்கே மனுப் போடலாம். காலாவதிக்கு ஒரு வருஷம் முன்பே போடலாம். புதுப் புத்தகம், புது நம்பர். ரத்தான பழையது திரும்பி வந்தால் பரணில் எறிந்துவிடாதீர்கள். அதில் கெடு தாண்டாத அமெரிக்க விசா இருந்தால், இரண்டையும் சேர்த்துக் காட்டினால் செல்லும்.

பாஸ்போர்ட் காலாவதியான பிறகு, திடீரென்று ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்தால்? 'எமர்ஜென்ஸி சர்டிபிகேட்' கேட்டு வாங்கலாம். ஆனால் அது தாய்நாடு வந்து சேர மட்டுமே. திரும்பிப் போவதற்குப் புதுப் பாஸ்போர்ட் வாங்கியே ஆகவேண்டும்!