சென்சார் மீது பழி போடுமுன்

சங்கரன்கோவில் கரிசற் காடுகளில் கிணறு ஆழப்படுத்தவும் கண்மாய் தூர்வாரவும் வருகிற, பல கை மாறிய பழைய ஹிட்டாச்சியில் (எந்தக் கம்பெனி யந்திரமாயினும் நம்மவர்க்கு அது ஹிட்டாச்சிதான்) எச்சரிக்கை விளக்கு எரிந்து, திரையில், எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் பிரஷர் சென்சாரைச் சுட்டும் பிழை எண் தோன்றிய மாத்திரத்தில், அந்தச் சென்சாரையே கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டும் வழக்கம் வீண் விரயமென்பது என் அபிப்பிராயம். அவ்வெண் குறிப்பது சென்சார், ஒயர், பிளக் யாவும் சேர்ந்த சுற்றை, சென்சாரை மட்டுமன்று.

பிளக்கை உருவி, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, மல்ட்டிமீட்டரால் பரீட்சித்தால், இத்தகைய சென்சாருக்கு வரவேண்டிய 5 வோல்ட் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும். அது வராவிடில், அதே மின்சாரத்தைப் பங்கிடும் ஏனைய சென்சார்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க, எதைக் கழற்றியதும் 5 வோல்ட் மீள்கிறதோ, அங்கேயே தோஷம் இருக்கக் காணலாம். எதிலும் மீளவில்லையா? இரும்பில் உராய்ந்து தோலுரிந்த ஒயரையும், எலி கடித்த இடத்தையும், பச்சைக் களிம்பேறிய பிளக்கின் பின்னையும் பொறுமையாகத் தேடவேண்டியதுதான். நாள்வாடகை நஷ்டத்தில் தவிக்கும் உரிமையாளருக்கு அந்தப் பொறுமை வாய்ப்பது அருமை.

பழைய யந்திரம் வாங்குவோர், மற்ற ஆவணங்களோடு, இத்தேடலுக்கு உதவும் ஒயரிங் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள்.