தோத்த பிறகு யார் கூப்பிடுவாங்க?

மங்கான்னா மாங்காயான்னு கேக்கற ஊர் எங்க ஆம்பூர் :-) ஜப்பான்காரங்க வலப்பக்கத்துல இருந்து படிக்கற காமிக்ஸ்தான் மங்கா. அதுல 'நோடாமே கான்டாபிலே'ன்னு ஒண்ணு. வரைஞ்சு எழுதினவர் தொமோகோ நினொமியா. 2001ல தொடங்கி 2009 வரைக்கும் தொடரா வந்து, 23 தொகுதி ஆச்சு. இப்பத்தான் முழுசா படிச்சு முடிச்சேன். அதோட சூட்டுல இந்தப் பதிவு.

கதை ஒரு இசைக் கல்லூரியில ஆரம்பிக்கிறது. சியாகிக்குக் கண்டக்டர் ஆகணும்னு வெறி (பஸ் கண்டக்டர் இல்லீங்க, ஆர்க்கெஸ்ட்ரா!). ஆனா சின்ன வயசுல விமானத்துல பட்ட பயத்தால ஐரோப்பா போக முடியாம கிடக்கிறான். பக்கத்து வீட்டுக்காரி நோடாமே. வீடு குப்பைமேடு. காதுல கேட்டதை அப்படியே பியானோவுல வாசிப்பா, ஆனா நோட்டைப் பார்த்து வாசிக்கறதுன்னா உதறல். குட்டிப் பசங்களுக்கு டீச்சர் ஆனாப் போதும்கறதுதான் அவ லட்சியம்.

அவளை ஒரு பெரிய போட்டிக்கு இழுத்துட்டுப் போறாங்க. கடைசிச் சுற்றுல பாதி வாசிக்கும்போது பாட்டு மறந்துடுது. வழியில காதுல விழுந்த டிவி சமையல் நிகழ்ச்சி இசையைக் கோத்து ஒப்பேத்தறா. பரிசு கிடையாது. ஊரைப் பார்த்துப் போயிடறா. நம்ம சினிமாவா இருந்தா இங்க ஒரு சோகப்பாட்டு. ஆனா அந்தப் போட்டிக்கு நடுவரா இருந்த ஒரு கிழவர், 'பாரிஸுக்கு வா, சொல்லித் தர்றேன்'னு அவளைக் கூப்பிடறார். நிஜமான கதையே அதுக்கப்புறம்தான்.

இப்ப நம்ம பக்கம் வருவோம். இதுக்குக் கிட்டத்துல தமிழ்ல இருக்கறது ராஜீவ் மேனனோட 'சர்வம் தாள மயம்'. 2018ல டோக்கியோ திரைப்பட விழாவுல காட்டினாங்க, 2019ல இங்க வந்தது. மிருதங்கம் செய்யறவரோட பையன் பீட்டர், மிருதங்கம் வாசிக்கணும்னு ஆசைப்படறான். எங்க தோல் பேட்டையில உக்காந்து இந்தப் படத்தைப் பாக்கறது தனி அனுபவம். இங்க டேனரியில குரோமியம் போட்டுப் பதப்படுத்தி, ஷூவுக்கு மெத்துன்னு ஆக்கற அதே தோல்தான். மிருதங்கத்துக்கு மட்டும் பதப்படுத்தாம காயவெச்ச தோல் வேணும். ஆடு, மாடு, எருமை மூணும் அதுல இருக்கு. அந்தத் தோலைத் தொட்டு வேலை செஞ்சவங்களை மேடை எவ்வளவு தூரத்துல வெச்சிருந்ததுன்னு டி.எம்.கிருஷ்ணா 2020ல 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'னு ஒரு புத்தகமே எழுதினார். படமும் அதைத் தைரியமா தொடுது. நல்ல படம், சந்தேகமே இல்லை.

ஆனா முடிவு? டிவி போட்டியில பீட்டர் ஜெயிக்கறான். அதுதான் எனக்கு இடிக்குது. தோத்திருந்தா அவன் யாரு? அவன் குரு அப்பவும் அவனைப் பக்கத்துல உக்கார வெச்சிருப்பாரா?

இதை ஏன் கேக்கறேன்னா, என் பள்ளிக்கூட சிநேகிதன் ஒருத்தன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி வேலூர் போய் மிருதங்கம் கத்துக்கிட்டான். பத்தாவது படிக்கும்போது ஒரு போட்டி. தனி வாசிக்கும்போது தாளம் விட்டுட்டான். ஆறுதல் பரிசுகூட இல்லை. "போதும், படிக்கற வழியைப் பாரு"ன்னு வீட்ல சொல்லிட்டாங்க. அவனும் விட்டுட்டான். இப்ப ஒரு ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர்.

போன மாசம் அவன்கிட்ட நோடாமே போட்டிக் கதையை ஆர்வமா சொன்னேன். "பார்த்தியா, தோத்தப்புறம்தான்டா அவ வளர்றா"ன்னு தத்துவம் வேற. டீயை வெச்சுட்டு நிதானமா சொன்னான்: "அவளை ஒருத்தர் கூப்ட்டாரு. என்னை யார்ரா கூப்ட்டாங்க?"

என்கிட்ட பதில் இல்லை.

விடாமுயற்சின்னு நாம சுலபமா சொல்லிடறோம். பதினஞ்சு வயசுப் பையன் தனியா எவ்வளவு விடாம முயல்வான்? நோடாமேக்குத் திறமை இருந்துச்சு, சரி. ஆனா தப்புக்கு நடுவுல அதைக் கேட்ட ஒரு காது இருந்துச்சே, அதுதானே அவளைக் காப்பாத்துச்சு. எங்க ஊர்ப்பக்கத்து மனுஷர் மிருதங்க வித்வான் வேலூர் ராமபத்ரன், 1929ல பிறந்தவர். அவருக்கு சங்கீத கலாநிதி கிடைச்சது 2004ல. 75 வயசு! அதுவும் அடுத்தவங்க பாட்டை அமுக்காம வாசிக்கறார்னு பேர் வாங்கின பக்கவாத்தியக்காரர். இந்தக் கலையோட கணக்கு அவ்வளவு நீளம். பத்தாவதுல நடந்த ஒரு போட்டியை வெச்சு அந்தக் கணக்கை முடிக்கறது அநியாயம் இல்லையா?

அதனால நான் கேக்கறது சின்ன விஷயம். பள்ளி விழா, கோயில், சர்ச், டிவின்னு எங்க நடுவரா உக்காந்தாலும், கப்பு குடுத்ததும் கார் ஏறிடாதீங்க. தோத்த பசங்கள்ல ஒண்ணையாவது கூப்பிட்டு, "அந்த இடம் நல்லா வாசிச்சே, அடுத்த வாரம் வா"ன்னு சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: முதல் தொகுதியை அவனுக்கே குடுத்துட்டேன். "இன்னாடா, புக்கு பின்னாடியிலருந்து ஆரம்பிக்குது?"ன்னு போன் பண்ணினான். படிக்கிறான் :-)