மூளைச்சாவும் ஒரு சம்மதமும்

2008-ஆம் ஆண்டு செப்டம்பரில், எங்களைப் போன்றே 15 வதே நிரம்பிய ஹிதேந்திரன் விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்தான். டாக்டர்களான அவனுடைய பெற்றோர் உறுப்புகளைத் தானமாக அளித்தனர். போலீசார் வழியமைத்துத் தர, அவன் இதயம் 11 நிமிடங்களில் அம்பத்தூரை அடுத்த முகப்பேருக்கு வந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது.

இதைப் பேசியபோது எங்கள் வகுப்பு இரு கட்சியானது. மார்பு ஏறி இறங்குகிறது, கை சுடுகிறது. பிள்ளை இறந்துவிட்டான் என்றால் எந்தத் தாய் நம்புவாள்? ஆனால் மூச்சு விடுவது இயந்திரமே. கோமாவில் கிடப்பவர் மீளக்கூடும். மூளைத்தண்டு மடிந்தவர் மீளார். மரணம் நேர்ந்த கணத்தைத் தீர்மானிப்பது மருத்துவரின் பொறுப்பென்று திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1957-லேயே கூறினார் என்று சிஸ்டர் சொன்னார்கள். நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி டாக்டர்கள் நால்வர், 6 மணி நேர இடைவெளி விட்டு, இருமுறை சோதிக்க வேண்டும்.

இரண்டாம் சோதனை முடியுமுன் உறுப்பைக் கேட்பது தகாது என்பதே எங்கள் கருத்து. அந்தப் பெற்றோருக்கு மருத்துவம் தெரியும். நம் வீட்டாருக்குப் பொறுமையாக விளக்குபவர் யார்?

18 வயது நிரம்பாத எங்களுக்காகப் பெற்றோரே சம்மதிக்க வேண்டுமாம். எங்கள் விருப்பத்தைச் சாப்பாட்டு வேளையில் சொன்னால், "வாயைக் கழுவுடி" என்கிறார் பாட்டி. ஆயினும் எங்களில் சிலர் சொல்லிவிட்டோம்.