காணாக்கடியும் கண்மூடி மாத்திரையும்

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் உடம்பு திடீரென்று தடித்துச் சிவந்து அரித்தால் அதைக் "காணாக்கடி" என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்துவிட்டதாம்! வேப்பிலையால் மந்திரிக்கிறார்கள், மறுநாள் தடிப்பு மறைகிறது, பெருமை மந்திரித்தவருக்குப் போகிறது. அந்தத் தடிப்பு பெரும்பாலும் ஒரு நாளைக்குள் தானாகவே அமுங்கக்கூடியது என்பதை யாரும் யோசிப்பதில்லை. உணவோ மருந்தோ ஒவ்வாதபோது உடம்பே வெளிவிடும் ஹிஸ்டமின் என்னும் பொருளின் வேலை அது.

அதைத் தடுக்கும் மருந்துகளில் முதலாவதை டேனியல் போவே என்பவர் 1937-ல் கண்டார். 1957-ல் நோபல் பரிசும் பெற்றார். அவில், சி.பி.எம்., செட்ரிசின் என்று நாம் வாங்குவதெல்லாம் அந்த வகையே. ஆனால், மந்திரத்தை விட்ட நம் மக்கள் மாத்திரையையே மந்திரமாக்கிக் கொண்டார்கள் என்பதுதான் நமது வருத்தம். சளிக்கும் அதே, அரிப்புக்கும் அதே, பிள்ளை தூங்காவிட்டாலும் அதே! கடைக்காரர் கத்தரித்துக் கொடுத்ததைப் பெயர்கூடக் கேட்காமல் விழுங்குவதற்கும், திருநீற்றை விழுங்குவதற்கும் என்ன வித்தியாசம்?

2025-ல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. அவற்றுக்குக் கொடுத்த "கோல்ட்ரிஃப்" என்ற சளி மருந்து நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்னும் விஷம் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு அரசின் சோதனை காட்டிற்று. அதற்குத் தயாரித்தவரும் மேற்பார்வை அதிகாரிகளுமே பதில் சொல்ல வேண்டும், பெற்றவர்கள் அல்ல. ஆனால் விஷம் கலவாதிருந்தாலும், அதிலுள்ள குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கலவையை 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கலாகாது என்று சர்க்கார் 2023-லேயே உத்தரவிட்டிருந்தது. இதை நம் கிராமத்துத் தாய்மாருக்கு எடுத்துச் சொன்னவர் யார்?

ஆகவே தோழர்களே! மருந்தின் பெயர் என்ன, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேளுங்கள். இம்மாத்திரைகளில் பல தூக்கம் தரும். விழுங்கிவிட்டு டிராக்டரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டாதீர்கள். மதுவோடு சேர்ந்தால் ஆபத்து. முதியவர்களுக்குத் தலைசுற்றலும் புத்தித் தடுமாற்றமும் வரலாம். இரவில் எழுந்தால் கைபிடித்து அழைத்துப் போங்கள். சிறுநீர் அடைப்போ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். சளி மருந்திலும் அரிப்பு மாத்திரையிலும் ஒரே சரக்கு இருக்கலாம். இரண்டையும் கொடுத்தால் அளவு இரட்டிக்கும். வீட்டுக் கரண்டியால் அளக்காதீர்கள்; பாட்டிலோடு வரும் மூடியால் அளவுங்கள். பிள்ளையைத் தூங்க வைப்பதற்கென்று ஒருக்காலும் கொடுக்காதீர்கள். நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சுத் திணறினால் மந்திரிப்பவரையும் நம்பாதீர்கள், மாத்திரையையும் நம்பாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே போடும் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும்.

உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைக் காட்டி நாம் பெருமை பேசுகிறோம். அந்தச் சபையில் நம்மவருக்கு இடமில்லை என்பது வேறு விஷயம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே, வாரியத்தில் உட்காருகிறவனைப் பார்த்து "உன் வயது என்ன, கணக்குக் காட்டினாயா?" என்று கேட்ட ஊர், பிள்ளையின் வயிற்றுக்குள் போகும் மருந்தை ஒரு கேள்வியும் கேட்காமல் விடலாமா என்று கேட்கிறோம்.