அரும்பிலேயே ஒக்காந்திருக்கிற புள்ள யாரு?

ஒன்னாப்புப் புள்ளைங்ககிட்ட என்னய்யா அரசியல் என்கிறார்கள். இருக்கு தோழர்களே. அம்பேத்கர் பள்ளியில் உட்கார வீட்டிலிருந்து சாக்கு கொண்டுபோனார். தரையிலிருந்தே தொடங்குகிறது சாதி.

2007-08இல் செயல்வழிக் கற்றல் தமிழகம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது வாத்தியாரும் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். சின்ன விசயமல்ல. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பாட்டு, கதை, பொம்மை என்று பாடம். கொரோனாவில் விட்டுப்போனதைப் பிடிக்க அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகச் சொல்லித்தரும் முறை. நோக்கம் நல்லதுதான். ஆனால் வருசம் பூரா அரும்பிலேயே ஒக்காந்திருக்கிற புள்ள எந்தத் தெருப் புள்ள?

ஒரே ஒரு வாரம் கவனியுங்கள். திங்கள், குழு பிரிக்கையில் யார் பக்கத்தில் யார்? செவ்வாய், 'வூட்டுல என்ன சாப்ட்ட?' என்ற கேள்விக்கு மாட்டுக்கறி என்ற புள்ளையை வகுப்பு எப்படிப் பார்க்கிறது? புதன், கதை சொல்லும்போது சேரிப் பேச்சு மட்டும் 'தப்பு' ஆகிறதா? வியாழன், களிமண் வேலை முடிந்ததும் கூட்டிப் பெருக்குவது யார்? வெள்ளி, காலை உணவில் எந்தத் தட்டு காலி? தலித் பெண் சமைத்ததை உண்ணக்கூடாதென்று 2023இல் சில ஊர்களில் பெற்றோரே தடுத்தார்களே!

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். நலிந்த பிரிவுக்கும் அதில் உரிய இடமுண்டு. நம்ம அம்மாக்கள் கையெழுத்துப் போட மட்டுமா போகிறார்கள்? இந்த ஐந்து நாள் கேள்விகளோடு போகட்டும். மாணவத் தோழர்கள் கூடப் போங்கள்.